சகலையின் புழுக்கள்

என் சகலையின் வீடு என் வீட்டைவிடப் பெரியது. அவர் மீசை என் மீசையைவிட அடர்த்தி. எங்கள் மாமனார் வாயைத் திறந்தால் பெரிய மாப்பிள்ளையின் புகழ்தான். இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். அவர் வளர்க்கும் புழுவும் என் புழுவைவிடக் கொழுத்தது என்று தெரிந்த அன்றுதான் வயிறு பற்றி எரிந்தது.

நாங்கள் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அவர் பேருந்து ஓட்டுநர், நான் தையல்காரன். இருவருக்கும் தூண்டில் பைத்தியம். முள்ளில் குத்துவதற்கு மாவுப்புழுவை வீட்டிலேயே வளர்க்கிறோம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டு நிறைய கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு ஒரு துண்டு கேரட். மிச்சத்தைப் புழுவே பார்த்துக்கொள்ளும்.

மாமனாரிடம் ஒரு சின்னப் படகு இருந்தது. ஏரியின் நடுவே போனால்தான் பெரிய கெண்டை கிடைக்கும். கரையில் நிற்பவனுக்கு விரல் நீளப் பொடிமீன்தான். தோள் வலி வந்து துடுப்புப் போட முடியாமல் போனதும் மாமனார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“படகைப் பாதியா அறுத்தா குடுக்க முடியும்? அடுத்த மாசம் ஒருநாள் மூணு பேரும் ஏரிக்குப் போவோம். யாரு பெரிய மீனைப் பிடிக்கிறீங்களோ, அந்த மாப்ளைக்குப் படகு.”

எனக்கு அந்தப் படகு வேண்டும். அதைவிட, அது சகலைக்குக் கிடைக்கக் கூடாது.

வேவு பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். புழுத் தட்டு ஃப்ரிட்ஜுக்குள் முட்டைகளுக்குக் கீழே இருந்தது. என் வீட்டில் இதற்கு வாய்ப்பே இல்லை. “ஃப்ரிட்ஜுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் வைக்கிற சாப்பாடு இருக்கணும்” என்று என் மனைவி என்றைக்கோ சொல்லிவிட்டாள். பெண்டாட்டி விஷயத்திலும் மனுஷனுக்கு யோகம்தான்.

“குளிர்ல இருந்தா புழு புழுவாவே இருக்கும் சகலை” என்றார் அவர், நான் கேட்காமலேயே. “சூட்டுல வச்சா நல்லா வளரும். ஆனா சட்டுனு கூட்டுப்புழுவா மாறிடும். பாத்துக்குங்க.”

சூட்டில் வைத்தால் வளரும் என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது. மீதி, என்னைப் பயமுறுத்தச் சொன்னது என்று முடிவுகட்டினேன். போட்டிக்காரன் எவனாவது உண்மையைச் சொல்வானா?

தட்டைக் கடைக்குக் கொண்டுபோய், இஸ்திரி போடும் மேஜைக்கடியில் கதகதப்பாக வைத்தேன். புழுக்கள் மளமளவென்று கொழுத்தன. வாடிக்கையாளர்களிடம்கூடத் திறந்து காட்டிப் பெருமையடித்தேன். ஒரு அம்மா தன் ரவிக்கைத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசி வாரம் சீருடை வேலை குவிந்துவிட்டது, தட்டைப் பார்க்கவில்லை. போட்டி அன்று காலை தவிட்டோடு அப்படியே டப்பாவில் கொட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நடு ஏரியில் டப்பாவைத் திறந்தேன். புழு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கூட்டுப்புழுவாகி, வெளுத்துச் சுருண்டு, சுரணையில்லாமல் கிடந்தன. இரண்டு மூன்று வண்டாகவே மாறி டப்பாவைச் சுற்றி வந்தன. ஒன்றை எடுத்து முள்ளில் குத்தினேன். பிதுங்கி விரலோடு வந்தது. மாமனார் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சகலை தன் டப்பாவிலிருந்து பாதியை அள்ளி என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கை முந்திக்கொண்டது.

அந்தப் புழுவில்தான் என் கெண்டை மாட்டியது. படகுக்குள் இழுத்துப் போட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்த இன்னொருவர் சகலைதான். அவருக்குக் கிடைத்தது என் மீனில் பாதிகூட இல்லை.

“படகு சின்ன மாப்ளைக்கு” என்றார் மாமனார்.

கரையில் காத்திருந்த சகலையின் மனைவி விஷயம் தெரிந்ததும் பொரிந்து தள்ளினார். “உங்க புழுவையும் குடுத்து, படகையும் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே! உங்களுக்கு ரோஷமே கிடையாதா?”

“விடும்மா. அந்த மனுஷன் ஒரு மாசமா இதையே நெனச்சு உருகிட்டிருக்காரு. எனக்குத் தூண்டில் போட ஒரு இடம் இருந்தாப் போதும்.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குக் கேட்டது. ஆக, எல்லாம் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்.

சொன்னபடியே கரைச் சேற்றில் ஒரு கல்லாகப் பார்த்து உட்கார்ந்து பொடிமீனுக்குத் தூண்டில் போட்டார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கரையில் கட்டிய என் படகில், என் கெண்டையோடு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதியை எனக்குக் கொடுப்பதாக இருந்தால் படகை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கயிற்றைக்கூட அவிழ்த்தேன். பிறகு முன்பைவிட இறுக்கிக் கட்டினேன்.