சுவாவெலுவின் கட்டைவிரல்

சுவாவெலுவின் வலக்கைக் கட்டைவிரல் யார்மேல் பட்டாலும், அந்த நேரம் தமக்கு எதிரே நிற்பவரை விட்டு அவரால் பிரிய முடியாமல் போனது. இது தொடங்கியது அவளுடைய முப்பத்தோராம் வயதில், பச்சை வெனிலா கிலோ நாற்பதாயிரம் அரியாரிக்கு விலைபோன வருஷம். அதற்கு முன் பதினாறு வருஷம் அந்த விரல் பூக்களுக்கு மட்டும்தான் கல்யாணம் செய்துவைத்தது. எங்கள் அந்தலாஹா பக்கத்தில் வெனிலாப் பூவை நாடி வரும் தேனீ கிடையாது. விடியலில் விரியும் பூ உச்சிப்பொழுதுக்குள் வாடிவிடும். அதற்குள் யாராவது எலுமிச்சை முள்ளால் பூவுக்குள் இருக்கும் சின்னத் திரையை விலக்கி, மகரந்தத்தைச் சூல்முடியோடு சேர்த்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். அழுத்தினால் காய், இல்லாவிட்டால் சருகு. சுவாவெலு ஒரு காலையில் ஆயிரத்தைந்நூறு பூக்களை முடிப்பாள். அத்தனை கல்யாணம் செய்த விரலில் ஏதும் ஒட்டாமல் இருந்தால்தான் அதிசயம் என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் ஓர் ஆடு. அவள் கயிறு மாட்டியபோது எதிரே நின்ற காளையின் பின்னால் போய், ஆறு வருஷம் அதன் நிழலிலேயே மேய்ந்தது. பிறகு அரிசி அப்பம் விற்ற வாவிருவா என்ற பெண்ணும், அவளைத் தெருவிலிருந்து விரட்ட வந்த போலீஸ்காரரும். அவர்களுக்கு இப்போது நான்கு பிள்ளைகள். அப்பத்தை அவர்தான் சுடுகிறார். ஒரு மீனுக்காகக் கட்டிப்புரண்ட இரண்டு கிழவர்களை அவள் விலக்கிவிடப் போக, சாகும்வரை இருவரும் ஒரே பாயில் படுத்தார்கள். அதன்பின் ஊர்க்கூட்டம் கூடி, அவள் கையைத் தொடுவது விலக்கு என்று அறிவித்தது. அவளும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கியே நடந்தாள். சந்தையில் சாமானை வாழையிலையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். எட்டு வருஷம் ஒரு மனிதக் கைகூடப் படாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெஹவானா யோசித்தான். பக்கத்துத் தோட்டக்காரன், மனைவியை இழந்தவன், வாய் ஓயாதவன். கட்டிக்கொள்கிறாயா என்று நான்கு பூக்காலம் கேட்டு, நான்கு முறையும் வேண்டாம் என்ற பதிலோடு திரும்பினான். அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. அவன் குரல் கேட்டால் வேலியோரக் கொடியில் அவளுக்கு வேலை நீண்டுகொண்டே போகும். அது ஊருக்கே தெரியும். ஐந்தாம் முறை உடைத்துச் சொன்னாள்.

"கட்டிக்கிட்டுத் தொடாம இருக்க முடியுமாய்யா? தொட்டப்புறம் நீ எம்மேல உசிரா இருந்தா, அது நீயா இந்த விரலான்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஆட்டைப் பாத்தேல்ல?"

"என்னை ஆடுங்கிறே."

"ஆடு இவ்வளவு கத்தாது."

மூன்று நாள் அவனைக் காணவில்லை. நான்காம் நாள் பிற்பகல், தோட்டமெல்லாம் பூக்கள் துவண்டு தொங்கிய பிறகு, அக்குளில் ஒரு வாத்தோடு வந்தான். அதை அவளுடைய பூனைக்கு எதிரே பிடித்துக்கொண்டு, தொடச் சொன்னான். அவள் தொட்டாள். வாத்து பூனையின் காதைக் கொத்திவிட்டு, வேலிக்கு அப்பால் ஓடிப்போனது.

"பூவே வாடியாச்சு, இனி விரலுக்கு என்ன வேலை சுவா? இதுவரைக்கும் நடந்தது பூராவும் காலைலதான், எண்ணிப் பாரு."

அவள் எண்ணிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, கட்டைவிரலை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் கை வியர்த்திருந்தது. அவன் முகம் மாறுகிறதா என்று கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலையே," என்றாள் பயந்துபோய்.

"ஆகலை. நேத்து எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். அவன் கையை எடுக்கவில்லை.

கல்யாணமும் பிற்பகலில்தான் நடந்தது. விரல் இன்றும் பழையபடிதான். காலையில் அவள் கொடியோரம் நிற்பாள். அவன் பத்தடி தள்ளி நின்று கதையளப்பான். உச்சி தாண்டிவிட்டால் நாங்கள் யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.