சந்தனம் பூசிய சேர்வர்

“வேதக்காரப் பிள்ளையெண்டு பாவம் பாத்து வேலை குடுத்தன். பூசைக்கும் நிக்காமல், சேர்வரையும் கெடுத்துப்போட்டுப் போயிட்டாள்!”

போன வருடம் குகதாசன் யாழ்ப்பாணத்துக் கம்பனிகளுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்ன வார்த்தைகள் இவை. அதற்குப் பிறகு, அவரிடம் வேலை செய்த கிறிஸ்தவப் பெண் அபிகாயிலுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. வேறொரு கம்பனி நடத்தும் தாரிகா ஒருத்திதான் நேர்முகம் வரை கூப்பிட்டாள். குகதாசனோடு கதைத்த பிறகு அவளும் கையை விரித்தாள்.

இன்று அதே குகதாசன் அபிகாயிலைக் கூப்பிட்டிருந்தார்.

குகதாசனின் நீர்வேலி அலுவலகம். விஜயதசமிப் பூசைக்கு மறுநாள். சேர்வர் கணினியின் நெற்றியில் காய்ந்த சந்தனம். அருகில் கைகட்டியபடி தாரிகா. தன் நிறுவனத்தின் பெரிய வேலையைக் குகதாசனிடம் கொடுக்கலாமா என்று சோதித்துப் பார்க்க வந்திருந்தாள்.

“ரெண்டு புரொசசர் கிடக்கு, பிள்ளை. லினக்ஸ் ஒண்டைத்தான் காட்டுது. ஊருது! போன முறையும் உப்பிடித்தான்...” குகதாசன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அபிகாயில் லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடவே இல்லை. சேர்வரை மீளத் தொடக்கி, லினக்ஸ் எழும்புவதற்கு முன்னமே, கணினியின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பயோஸ் திரைக்குள் நுழைந்தாள். திகதி பல வருடம் பின்னால் போயிருந்தது. கீழே இரண்டாவது புரொசசர் நிறுத்தப்பட்டிருந்தது. இயக்கினாள். சேமித்தாள். லினக்ஸ் எழும்பியது, இரண்டு புரொசசர்களோடும்.

“என்ரை முருகா!” என்றார் குகதாசன்.

“அண்ணை, பூசைக்கு இதை எப்பிடி நிப்பாட்டினனீங்கள்?”

“முழுசா நிப்பாட்டி, வயரைக் கழட்டி, துடைச்சுப் போட்டுச் சந்தனம் வைச்சனான். வருசா வருசம் என்ரை கையாலைதான்.”

“ஒருக்காச் செய்து காட்டுங்கோ. தாரிகா அக்காவும் பாக்கட்டும்.”

பெருமையோடு செய்தார். வயரைத் திரும்பச் செருகியதும் திகதி மறுபடி பின்னால் ஓடியது. இரண்டாவது புரொசசர் மறுபடி படுத்துவிட்டது.

குகதாசன் வயரை மறுபடி அழுத்திப் பார்த்தார்.

அபிகாயில் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த காசளவு மின்கலத்தை, அந்த வட்டப் பற்றரியை நெம்பி எடுத்தாள்.

“இது செத்துக் கனகாலம். வயர் இருக்கும்வரைக்கும்தான் பயோஸுக்கு ஞாபகம் இருக்கும். கழட்டினால் எல்லாம் மறந்து, பழையபடி ஒரு புரொசசருக்குப் போயிடும். வருசத்திலை ஒரு நாள், பூசைக்குத்தான் வயரைக் கழட்டிறியள். போன வருசம் அண்டைக்கு நான் இஞ்சை இல்லை. ஊருக்குச் சொன்னதே நீங்கள்தானே, அண்ணை, பூசைக்கு நிக்கேல்லையெண்டு?”

தாரிகா குகதாசன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். “எனக்குப் போனிலை இவ கெடுத்ததெண்டெல்லோ சொன்னியள்.”

“நடந்தது நடந்துபோச்சு...” என்றார் குகதாசன். “திருப்பி ஒருக்கா இயக்கி விடு, பிள்ளை. தாரிகா மிஸ் வெளிக்கிடப் போறா.”

அபிகாயில் செத்த பற்றரியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“என்னைப் பற்றிச் சொல்ல எடுத்த நம்பரெல்லாம் போனிலை கிடக்கும். ஒவ்வொண்டா எடுங்கோ. ஆராவது வந்து திருத்தித் தருவினம்.”

படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

“அபிகாயில், நில்லும்!” என்றாள் தாரிகா. “திங்கக்கிழமை வேலைக்கு வாறீரோ?”

“ஓம். வாறன்.”

அதைக் குகதாசனுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.