பங்காரம் சாப்பாட்டில் சேராது

இப்போதெல்லாம் எவனும் "சாப்பிட்டியா" என்று கேட்பதில்லை. "எத்தனை கிலோ இறங்கிச்சு" என்றுதான் கேட்கிறான். டீக்கடையில் கேட்கிறான், சாவு வீட்டில் கேட்கிறான். நான் ஆபரேஷன் மேஜையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத என் தம்பி, போன் போட்டு எடையை விசாரிக்கிறான். நான் என்ன சந்தையில் கட்டிப்போட்ட ஆடா?

வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிக்கொள்ள எனக்கு ஆசையில்லை. காலமெல்லாம் லாரி ஓட்டியதில் முட்டி இரண்டும் போய்விட்டன. நூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் முட்டியில் கத்தி வைப்பேன் என்றார் டாக்டர். நான் இருந்தது நூற்று நாற்பது. அதனால் முட்டிக்காக வயிற்றை வெட்டினார்கள். முதலில் மளமளவென்று இறங்கியது. நூற்றெட்டில் வந்து நின்றதுதான், அப்புறம் அசையவில்லை. மழை முடிந்து பனி வந்தும் நூற்றெட்டுதான்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசியும் வரவில்லை. பேத்தி கல்யாணத்தில் ஆட்டுக்கறியை முன்னால் வைத்தார்கள். இரண்டு துண்டு தின்றேன். மிச்சம் யாருடைய இலையிலோ இருப்பது மாதிரி இருந்தது. மாத்திரையை விழுங்குவேன், மாவு கரைத்த தண்ணீரைக் குடிப்பேன், சுவரைப் பார்த்து உட்காருவேன்.

வாரங்கல் ஆஸ்பத்திரியில் எங்களைப்போல வயிறு வெட்டிக்கொண்டவர்களை மாதம் ஒருமுறை கூட்டி உட்கார வைப்பார்கள். எடை இறங்கியவனுக்குக் கைதட்டல். அன்று சம்மிரெட்டி என்று ஒரு பழைய போலீஸ்காரர், தன் பழைய பேன்ட்டின் ஒரே காலுக்குள் இரண்டு காலையும் விட்டுக் காட்டினார். தட்டினார்கள். அடுத்தது நான். எடை மிஷினில் ஏறினேன், அதே நூற்றெட்டு.

என்ன தின்னலாம் என்று சொல்கிற பெண் ஸ்ராவ்யா கேட்டாள்: "கவலப்படாதீங்க பெத்தய்யா. கொஞ்ச நாளு உடம்பு இப்படி நிக்கும், எல்லாருக்கும் வர்றதுதான். நடக்கிறீங்களா?"

"முட்டி இருந்தா நடக்கமாட்டனா?"

"சரி, நேத்து என்ன சாப்பிட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ரெண்டு முட்டை. பருப்பு. கால் சோள ரொட்டி. மோரு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

பக்கத்தில் இருந்த என் பெண்டாட்டி கொமுரம்மா, "அப்பப்ப வாய்ல பங்காரம் போடுவேன். அது சாப்பாட்டுல சேராது" என்றாள்.

மேடாரத்து அம்மன்களுக்கு ஆளின் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுக்கும்போது அது வெல்லமில்லை, பங்காரம், அதாவது தங்கம். ஆபரேஷனில் நான் பிழைத்தால் கொடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். பிழைத்தேன். வேண்டியபோது இருந்த எடைதான் கணக்கு என்று நூற்று நாற்பது கிலோ கொடுத்தாள். பிரசாதமாகத் திரும்பி வந்ததே ஒரு டின். ஊருக்குக் கொடுத்தும் தீரவில்லை. வீசக்கூடாது. எறும்புக்கு விடக்கூடாது. என் வாய்தான் இருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவும்மா?"

கொமுரம்மா எலுமிச்சம்பழ அளவுக்கு விரலைக் குவித்தாள். "காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, படுக்கிறப்ப ஒண்ணு. மெல்ல சப்புவாரு, பாவம்."

ஸ்ராவ்யா பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, அது வெல்லம்."

"வெல்லம்னு சொல்லாத தாயி. உங்க வீட்டுல கொடுத்ததில்லையா?"

அந்தப் பெண் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் வீட்டிலும் கொடுப்பார்கள்போல. சம்மிரெட்டி மெதுவாகக் கையைத் தூக்கினார். "மேடம், எங்க வீட்டுலயும் இருக்கு. நானும் கணக்குல சொல்லல." பின்வரிசையில் இன்னொரு அம்மாவும் தலை குனிந்தாள்.

"நீ பேன்ட்ட காட்டுனதோட நிறுத்திருக்கலாம்" என்றேன் ரெட்டியிடம்.

ஸ்ராவ்யா குரலை இறக்கி, "நெத்தியில தொட்டு வச்சுட்டு விட்ருங்கம்மா. வாய்ல வேணாம்" என்றாள்.

"இவரு கத்திக்கு அடியில இருந்து எந்திரிச்சு வந்ததே அதாலதான். நிறுத்துறேன். ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

நிறுத்தினாள். காலையில் என் நெற்றியில் ஒரு துண்டைத் தொட்டு எடுப்பாள். அப்போது அவள் பார்க்கிற பார்வை, நான் வெளியூருக்கு லோடு ஏற்றிப் போகும்போது பார்ப்பது மாதிரி இருக்கும். பங்காரம் இல்லாதது எனக்குத் தெரியவில்லை. இருந்தபோதும் தித்தித்ததாக ஞாபகமில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஏறினேன். நூற்றாறரை. தட்டினார்கள்.

"பாத்தீங்களா பெத்தய்யா, எல்லாம் அந்த வெல்லந்தான்" என்றாள் ஸ்ராவ்யா.

"தெனம் வேண்டிக்கிட்டது நானு" என்று கொமுரம்மா காதில் சொன்னாள்.

எட்டிப் பார்த்த பெரிய டாக்டர், "உடம்பு தானா மறுபடி இறங்கும்னு நான் அப்பவே சொல்லல?" என்றார்.

"போன தடவ குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டரு, சால்வை, பூட்ஸோட ஏறினேன்" என்றேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. "முட்டிய எப்ப வெட்டுவீங்க?"

"நூறுக்குக் கீழ வரட்டும், பாக்கலாம்."

அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் அவருக்குப் போனது. நான் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கொமுரம்மா, "நில்லுய்யா, அந்தப் பொண்ணு இன்னும் பேசணுங்குது" என்றாள். நிற்கவில்லை. இறங்கியது வெல்லமா, வேண்டுதலா, ஸ்வெட்டரா, அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும். படியில் வலது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து இறங்கினேன். முட்டி எப்போதும்போலக் கடகடத்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.