கணக்கில் விட்டுப்போன கடற்காற்று

எழில்மொழி ஆறு வருடமாக சவுண்ட் மீட்டரைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவள். ஹில்டா அந்த ஆபீஸில் சேர்ந்து எட்டு மாதம்தான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே, ஒரு சத்தம் எந்த வீடு வரை போகும் என்று கணக்குப் போட்டு வண்ணப்படமாக எடுத்துவிடுவாள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டைச் சுற்றி, சத்தத்தைத் தடுக்க எழுப்பப்போகும் சுவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்ற வேலையை, முதலாளி அருள்பிரகாசம் ஹில்டாவிடம்தான் கொடுத்தார். "எவ்ளோ தெளிவா கீது பாரு எழிலு" என்று படத்தை வேறு காட்டினார். எழிலுக்கு வயிறு எரிந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் யார்டுக்கு மேற்கே உள்ள தெருவில் அளந்தாள். சுவர் இல்லாத இப்போதைய நிலைக்கு ஹில்டாவின் கணக்கில் ஐம்பத்திரண்டு டெசிபல், மீட்டரில் அறுபத்தொன்று. காரணம் உடனே புரிந்தது. காற்றே வீசாததாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். கடற்காற்று தரையோரம் மெதுவாகவும் மேலே வேகமாகவும் அடிக்கும். அதில் மேலே போகிற சத்தம் வளைந்து, சுவர் கட்டினாலும் அதைத் தாண்டி வீடுகள்மேல் இறங்கிவிடும்.

அளவையும் தேதியையும் எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை தெருக்காரர்களோடு நடக்கும் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஹில்டா முழிக்கட்டும்.

முழிக்கத்தான் செய்தாள். அந்தத் தெருவில் மீன் விற்கும் கன்னியம்மா எழுந்தாள். "இன்னாம்மா, எங்க தெருவ சத்தமே இல்லாத மாதிரி பச்சையா காட்டிகினு கீற? மத்தியானம் கடக்காத்து வந்தா பக்கத்துல பேசுறதே காதுல வுழாது. வந்து குந்திப் பாரு!"

ஹில்டாவின் முகம் வெளிறியது. பிறகு மைக்கைப் பிடித்தாள். "நான் காத்த சேர்க்கல. தப்பு என்னோடதுதான். இன்னிக்கே வரேன்."

கூட்டம் அடங்கியது. கன்னியம்மா தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். இத்தனை வருடத்தில் தனக்கு அப்படி ஒருத்தர் நீட்டியதில்லை என்று எழிலுக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் ஹில்டா கேட்டாள். "மத்தியானம் அளக்கணும், வர்றீங்களாக்கா?"

எழில் தாளை எடுத்துக் கொடுத்தாள். ஹில்டா தேதியைப் பார்த்தாள்.

"திங்கக்கெழமயேவா? ஏன்க்கா சொல்லல?"

"நீ அசிங்கப்படணும்னுதான்."

ஹில்டா தாளைத் தன் பையில் வைத்தாள். மீட்டரை வாங்கிக்கொண்டு தனியாக நடந்தாள்.

காற்றைச் சேர்த்துப் போட்ட கணக்கில் அறுபது வந்தது. சுவரின் உயரம் இரண்டு மீட்டர் கூடியது. அறிக்கையில் எழிலின் அளவையும் பெயரையும் ஹில்டா ஒழுங்காகவே போட்டிருந்தாள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். கன்னியம்மாவிடமிருந்து அவளுக்குப் போன் வரும்போதெல்லாம் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். எழில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.