பாட்டறையில் அப்பா

மனிதர்களை வேகவைத்துப் பாட்டுக் கேட்கிற ஒரு வீட்டுக்கு என்னைக் கட்டிக்கொடுக்கப் பார்த்தார்கள். அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில், எங்களையே கூப்பிட்டு உட்காரவைத்து வேகவைத்துக் காட்டினார்கள். 

எனக்கு முப்பத்தொரு வயது, பெயர் ஜோஸ்லின். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை. அப்பா சின்னப்பராஜ் வாலாஜாபாத்தில் உரக்கடை வைத்திருக்கிறார், பிரஷருக்காகத் தினமும் நீர் பிரிகிற மாத்திரை போடுகிறவர். அம்மா அற்புதமேரிக்கு இருக்கிற ஒரே நோய், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதுதான். இரண்டு இடம் வந்து தட்டிப்போன பிறகு மூன்றாவதாக வந்தவர் டெனிசன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டெபுடி மேனேஜர். சொந்த வில்லா. குடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாது. பங்குச் சாமியாரே நல்ல பையன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வந்து என்னைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. இனி நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

இந்த வீடு பார்க்கிற விஷயத்தில் அப்பாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சம்மதம் சொல்லும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. மற்றவர்கள் சாப்பாட்டைத்தான் தள்ளிவைப்பார்கள். அப்பாவுக்கோ பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. ஒரு வாய் குடித்தாலும் பெண்ணைக் கொடுத்துவிட்டதாகத்தான் அர்த்தம் என்பார். போதாக்குறைக்கு அம்மா வேறு, “அங்க போயி பாத்ரூம் எங்கன்னு கேட்டுக்கினு நிக்காதீங்க, மானம் போயிடும்” என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள். அதனால் அப்பா மாத்திரையை முழுங்க ஒரு மடக்கு குடித்ததோடு சரி. பெண்ணைப் பெற்றவர்கள் தங்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதையே மறைத்துக்கொண்டு போக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை.

பக்கத்துத் தெரு திருமலை அண்ணனின் காரில் போனோம். அப்பா முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டனையும் மாட்டியிருந்தார். அந்தப் பட்டனைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

வாசலிலேயே டெனிசனின் அம்மா ரோஸ்மில்க் தட்டோடு நின்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, “இருக்கட்டும்மா, பேசிட்டு அப்புறமா சாப்பிடலாம்” என்றார்.

“அட, பேசறதுக்கு இன்னா கீது சம்பந்தி? முடிஞ்ச மாதிரிதான?” என்று சிரித்தார் அந்த அம்மா. தட்டை மேசைமேல் எங்கள் கண்ணில் படும்படி வைத்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹால், சமையல்கட்டு, மாடி எல்லாம் அவசர அவசரமாகக் காட்டப்பட்டன. டெனிசனுக்கு அவற்றில் அக்கறை இல்லை. “மெயின் ரூம் இன்னும் பார்க்கலையே அங்கிள்” என்று சொல்லிக்கொண்டே ஒரு கனத்த கதவைத் திறந்தார். கதவு விளிம்பில் ஃப்ரிட்ஜுக்கு இருப்பதுபோல ரப்பர் பட்டை. உள்ளே கால் வைத்ததும் முகத்தில் அனல் அடித்தது.

படுக்கையறையாகக் கட்டிய இடம். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். நான்கு சுவரிலும் சாம்பல் நிறப் பஞ்சு. எதிரே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அவற்றுக்கு நடுவே தரையில், சுற்றிலும் அலுமினியத் தகடு தகடாக நீட்டிக்கொண்டு, இரண்டு பெரிய ஆம்பிளிஃபயர்கள். பாட்டு எதுவும் ஓடவில்லை. அனல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“காலைலேர்ந்து ஆன்ல வெச்சிருக்கேன். நல்லா சூடானாத்தான் சவுண்டு ஓப்பன் ஆகும்” என்றார் டெனிசன். “இது கிளாஸ் ஏ. பாட்டு ஓடினாலும் ஓடாட்டியும் ஒரே அளவு கரண்ட் இழுத்துக்கிட்டே இருக்கும். இழுக்கறதுல முக்காவாசிக்கு மேல சூடாத்தான் போகும். தொட்டுப் பாருங்க.”

அம்மா பயபக்தியோடு விரல் நுனியால் தொட்டு, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். உடனே சிரிக்கவும் செய்தாள். முக்கால்வாசிக் கரண்டை வீணடிக்கிற ஒரு மெஷின் எங்கள் கம்பெனியில் இருந்தால் சூப்பர்வைசரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். இவர் அதைக் கோயிலில் வைத்திருக்கிற புனிதப் பண்டம் மாதிரி தொடச் சொல்கிறார்.

“ஃபேன் இல்லையா?” என்று கேட்டேன்.

“ஃபேனா?” நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார். “அந்த சத்தத்துல பாதி டீடெயில் போயிடும். ஏசி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, இந்த சூட்டுல தெரியல. ஆனா கேக்கும்போது ஆஃப் பண்ணிடுவேன்.”

டெனிசனின் அம்மா வாசற்படியைத் தாண்டவே இல்லை. ஹாலில் மின்விசிறிக்குக் கீழே நின்றபடியே, “நா உள்ள வரமாட்டேம்மா, அடுப்புக்குள்ள பூந்த மாதிரி இருக்கும். மழைக்காலத்துல இட்லி மாவ மட்டும் அங்க வெப்பேன், சூப்பரா பொங்கும்” என்றார். பெற்ற தாயே மாவுக்குத்தான் லாயக்கு என்று ஒதுக்கிய அறையில் எங்களைப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். பொஸ்ஸென்று ரப்பர் ஒட்டிக்கொண்டது. டெனிசன் ஏசியை அணைத்தார்.

அறையின் நடுவில் ஒரே ஒரு தோல் நாற்காலி. சத்தம் சரியாக வந்து சேர்கிற இடம் அது ஒன்றுதானாம். மரியாதைக்காக அப்பாவை அதில் உட்காரவைத்தார்கள். ஆம்பிளிஃபயர்களுக்கு நேர் எதிரே. அம்மாவும் நானும் பின்னால் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தோம். டெனிசன் ஒரு இசைத்தட்டைத் துணியால் துடைத்து, ஊசியை அதன்மேல் இறக்கினார். யாரோ வயலின் வாசிக்க ஆரம்பித்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் வியர்வை காதோரம் இறங்கத் தொடங்கியது. பஞ்சும் சூடான தூசியும் டெனிசன் அடித்திருந்த சென்ட்டும் அம்மா தலையில் வாடிக்கொண்டிருந்த மல்லிகையும் ஒன்றாகக் கலந்து ஒரு வாடை கிளம்பியது. என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தோம். அருவருப்பாக இருந்தது.

அப்பாவின் சட்டை முதுகுப் பக்கம் முழுக்க நனைந்து, உள்ளே பனியன் தெரிந்தது. “ஏசிய கொஞ்சம் போடலாமா?” என்றேன். டெனிசன் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கினார், பேசாதே என்று. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலச் சிரித்தார். முகம் வெளிறியிருந்தது. அப்போதே எழுந்திருக்க வேண்டியவள் நான். எழுந்திருக்கவில்லை. நானும் பதிலுக்கு இளித்துவைத்தேன்.

இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்தது. கதவைத் திறப்பார் என்று நினைத்தேன். அவரோ ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து ஒரு ஒயரைக் கழற்றி இன்னொன்றை மாட்டினார். “இப்ப அதே பீஸ், வேற கேபிள். வித்தியாசம் தெரியுதான்னு சொல்லுங்க மாமா.” அங்கிள் மாமா ஆகியிருந்தார்.

அப்பா கடையில் பழைய ரேடியோவைக் கரகரவென்று ஓடவிட்டுக்கொண்டு, அது பாட்டா செய்தியா என்றுகூடத் தெரியாமல் தூங்குகிறவர். “ரொம்ப தெளிவா இருக்குதுங்க மாப்ள” என்றார். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டும் சத்தம் அவர் பேச்சில் கேட்டது. அந்தத் துல்லியமான அறையில் அதுவும் துல்லியமாகத்தான் கேட்டது. டெனிசனுக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் சந்தோஷத்தில், “பார்த்தீங்களா! சில பேருக்கு உடனே பிடிபடும்” என்று சொல்லி மறுபடி ஊசியை இறக்கினார்.

பாதி வாசிப்பில் அப்பாவின் கை நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தது. பிறகு தலை சாய்ந்தது. பிறகு ஆளே பக்கவாட்டில் சரிந்து, பொத்தென்று தரையில் விழுந்தார்.

நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடினேன். அப்பாவுக்கு ஒரு எட்டில் நின்றிருந்தவர் டெனிசன். அவர் கை முதலில் இசைத்தட்டுப் பக்கம்தான் போனது. பூப்போல ஊசியைத் தூக்கி, அதன் இடத்தில் பத்திரமாக வைத்தார். அதன் பிறகுதான் திரும்பி, “ஐயோ மாமா!” என்றார்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஹாலுக்குத் தூக்கிவந்து சோபாவில் கிடத்தினோம். கழுத்துப் பட்டனை நான் பிய்த்தேன். மேசைமேல் ஐஸ் கரைந்து கிடந்த ரோஸ்மில்க்கின் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. அதை எடுத்து அப்பாவின் தலையிலும் முகத்திலும் ஊற்றினேன். சோபா நனைந்தது. நனையட்டும். அப்பா கண்ணைத் திறந்தார்.

“ஒண்ணுமில்ல, லைட்டா டீஹைட்ரேஷன்” என்றார் டெனிசன். “எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்துச்சு. பழகிடும். ரெஸ்ட் எடுங்க மாமா, அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து போடறேன்.”

அந்த ஆளை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். விடவில்லையே என்று இன்றைக்கும் கை அரிக்கிறது.

அதற்குள் டெனிசனின் அம்மா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டருகே நீட்டினார். “குடிங்க சம்பந்தி. ஒரு வாய் குடிங்க. நம்ம வூட்டுத் தண்ணிய குடிச்சிட்டீங்கன்னா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது.” மயங்கி எழுந்த மனிதனிடம் சம்மதம் வாங்கப் பார்க்கிறார்! அம்மாவும் அவசரமாகத் தலையாட்டி, “குடிங்களேங்க, குடிங்க” என்றாள். அம்மாவின் கண்ணில் பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது. இரண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்பாவின் உதடு வெடித்திருந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்கியது. டம்ளர் வாயைத் தொடுகிற தூரத்தில் இருந்தது. அவர் குடிக்கவில்லை. கண்ணை மட்டும் திருப்பி என்னைத் தேடினார். நின்றுகொண்டிருந்த என்னைக் கீழேயிருந்து பார்த்தார். குடிக்கட்டுமா என்று கேட்டார். வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் கேட்டார். அந்த நிலைமையிலும், நான் சரி என்றால்தான் குடிப்பார்.

 வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். டம்ளரைப் புறங்கையால் தள்ளினார்.

நான் வாசலுக்கு ஓடினேன். திருமலை அண்ணன் வேப்பமர நிழலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். “அண்ணே, தண்ணி பாட்டில் குடுங்க, சீக்கிரம்!” என்று கத்தினேன். அவர் எடுத்துத் தந்த பாட்டில் காருக்குள் கிடந்து வெதுவெதுப்பாக இருந்தது. நான் திரும்பி ஓடுவதற்குள் அப்பாவே சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டிருந்தார். அங்கேயே உட்கார்ந்து, பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, மடக் மடக்கென்று முழுக்கக் குடித்தார். தாடையில் வழிந்தது. அந்த உச்சிவெயில் வாசற்படி எங்களுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பின்னால் டெனிசனின் அம்மா, “இன்னாமா இது, எங்க வூட்டுத் தண்ணில விஷமா கீது?” என்று குரலை உயர்த்தினார்.

“எங்களுக்குச் சம்மதம் இல்லீங்க ஆன்ட்டி” என்றேன். “உங்க பையனுக்கு அந்த ரூமே போதும். பொண்ணு எதுக்கு?”

டெனிசனோ, பாட்டறைக் கதவு திறந்து கிடந்ததைக் கவனித்து, போய் அதைச் சாத்திவிட்டு வந்தார்.

சுங்குவார்சத்திரத்தில் ஆஸ்பத்திரி ஒன்றைப் பார்த்து நிறுத்தி, அப்பாவுக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினோம். அம்மா, கார் வாலாஜாபாத் ரோட்டில் திரும்பியதும் ஆரம்பித்தாள்.

“தண்ணிய தட்டிவுட வெச்சிட்டு வந்துட்டா மகாராணி! இருந்திருந்து நல்ல இடம் வந்துச்சு. ஒரு ரூம்பு சூடா இருந்தா இன்னா? கதவத் தொறந்து வெச்சா ஆச்சு. ஏங்க, நீங்களாவது சாயந்தரம் ஒரு போன் போட்டு, உடம்பு சரியில்லாம போச்சு, மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்லுங்க. கேப்பாங்க.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா போன் போடுவார் என்றுதான் நினைத்தேன். ஆயுள் முழுக்க யாரிடமும் முகம் கோணாத மனிதர்.

“போட மாட்டேன் மேரி” என்றார் அப்பா.

“ஏன்?”

“கண்ணு இருட்டிக்கினு வர்றப்ப அவனத்தான் பார்த்துக்கினு இருந்தேன். பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தான். புடிப்பான்னு நெனச்சேன். அவன் கை அந்த ஊசிகிட்ட போச்சு.” அப்பா கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். “நா வுழுந்தேன், என் பொண்ணு ஓடியாந்தா. அந்த வூட்ல இவ வுழுந்தா யாரு மேரி ஓடியாருவாங்க?”

 அம்மா முந்தானையை இழுத்து, ஈரம் காயாத அப்பாவின் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.