பல் டாக்டரின் மகள் வலசை வந்த ஏரி

பல் டாக்டரின் மகள், காய்ச்சலில் இறந்த மறுவருடக் குளிர்காலத்தில், ஊசிவால் வாத்துகளோடு சேர்ந்து ஏரிக்கு வலசை வந்து இறங்கினாள். கணுக்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோதும் ஞாயிறு காலைகளில் பறவை பார்க்க அப்பாவோடு வந்து, அதே இடத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு இப்படித்தான் தேடுவாள் என்பதால், டாக்டருக்கு அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கவில்லை.

சிக்கல் விதியில் இருந்தது. பறவை பார்க்கும் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நெடுங்காலும் நீள மூக்குமாக இருந்ததால் ஊரே அவரைக் கொக்கு என்று கூப்பிட்டது, அவரும் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் பார்த்தால்தான் எதுவும் கணக்கில் சேரும் என்பது அவர் போட்ட விதி. எல்லோரும் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். "கோரைதான் தெரியுது, டாக்டர். பல்லையே பாத்துப் பாத்து உங்க கண்ணு கெட்டுப்போச்சு," என்றார் கொக்கு. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குளிர்காலங்கள் போயின. வாத்துகள் வந்தன, மகளும் வந்தாள், டாக்டர் தனியாகப் பார்த்தார். மனைவியைக் கூப்பிடாத வருடமில்லை. "நான் வந்து, எனக்கும் தெரியாமப் போச்சுன்னா? இப்பவாச்சும் அங்க இருக்கான்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். என்னை விட்டுடுங்க," என்பாள் அவள்.

பிறகு நகராட்சி, ஏரியை மூடி வண்டி நிறுத்துமிடம் கட்டப்போவதாகப் பலகை நட்டது. குழு ஈரநில நாள் கொண்டாடியது, பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தது, மனு கொடுத்தது. வேறெங்கும் இல்லாத ஏதாவது இங்கே இருந்தால் யோசிக்கலாம் என்றார் அதிகாரி. டாக்டர் இதை வீட்டில் போய்ச் சொன்னார்.

அந்த ஞாயிறு மனைவி வந்தாள், கையில் மகளின் ஸ்வெட்டரோடு. டாக்டர் தொலைநோக்கியைக் கொடுத்துத் திசை காட்டினார். வெகுநேரம் பார்த்தாள். "தெரியுதுங்க," என்றாள். "ரொம்ப எளச்சுட்டா."

தொலைநோக்கியின் முன்மூடி கழற்றப்படாமலே இருந்தது. புதிதாக வருகிறவர்கள் மூடியைக் கழற்ற மறந்தால் மாதக்கணக்கில் கிண்டலடிக்கும் கூட்டம் அது. அன்று எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். டாக்டரும் தண்ணீரைத்தான் பார்த்தார். கொக்கு தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேர் பாத்தாச்சு. கணக்குல சேத்தாச்சு."

கணக்கில் சேர்ந்ததும் அவள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாள். கொக்குக்குத் தெரிந்தாள், பால்காரருக்குத் தெரிந்தாள். அதிகாரியும் நேரில் வந்து பார்த்தார். "பொண்ணு லட்சணமா இருக்கு. ஆனா பறவை இல்லையே, சார்," என்று மெய்யான வருத்தத்தோடு சொல்லிவிட்டு, மண் லாரிகளை அனுப்பினார்.

வாத்துகள் வேறு ஊர் தேடிப் போயின. மகள் மட்டும் பழக்கம் விடாமல் வருகிறாள். வண்டிகளுக்கு நடுவே அவள் நிற்கும் இடத்தில் சிமெண்டுக்கு மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறும். "கொஞ்சம் தள்ளிப் போடுங்க சார், டாக்டர் பொண்ணு நிக்குது," என்பார் காவலாளி. ஓட்டுநர்களும் தள்ளிப் போடுவார்கள்.

பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரின் மனைவி உட்கார்ந்திருப்பாள். ஊரில் இன்னும் அந்தப் பெண்ணைப் பார்க்காதவள் அவள் ஒருத்திதான்.

"இப்ப எந்தப் பக்கம்ப்பா?" என்று காவலாளியைக் கேட்பாள்.

"முடி நல்லா வளந்திருக்கும்மா," என்று சொல்லிக்கொண்டே வருவார் காவலாளி. அவள் எழுந்துகொள்வாள். அவர் நாற்காலியைத் திருப்பிப் போடுவார்.