கம்பெனி டயர்

காலையில் எழுந்ததும் கலியமூர்த்தி செய்கிற முதல் காரியம், வாசலில் நிற்கும் வேனின் முன்பக்க இடது சக்கரத்தைக் குனிந்து தடவிப் பார்ப்பது. பல் தேய்ப்பதெல்லாம் அப்புறம்தான். டயரின் பக்கவாட்டில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வீக்கம் கிளம்பியிருந்தது. அது நேற்றைவிடப் பெரிதாகியிருக்கிறதா என்று கை சொல்லிவிடும். கை சொல்வதை மனசு காதில் போட்டுக்கொள்ளாது. "அப்படியேதான் இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

வேன் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதலியார்பேட்டையில் மில்லை நம்பிப் பிழைத்த குடும்பம் அவருடையது. மில்லில் ஆள் குறைத்தபோது, தறி ஓட்டிக்கொண்டிருந்தவரை, விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து, அவர் விரும்பாத ஓய்வைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பணம்தான் வேனாக மாறி வாசலில் நின்றது. கோயில் வாசலில் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுத்தார். காலையில் பேட்டைப் பிள்ளைகளை டவுனில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் கூட்டிவர வேண்டும். பிள்ளைகளுக்கு அவர் 'வேன் மாமா'.

எலுமிச்சம்பழம் நசுக்கிய டயர், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மொட்டையாகிவிட்டது. உள்ஓரத்தில் ரோட்டைப் பிடிக்கிற பட்டனே இல்லை, கையை வைத்தால் வழவழவென்று வழுக்கியது. ரப்பரில் செய்தார்களா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அழிக்கிற ரப்பரிலேயே செய்தார்களா தெரியவில்லை. புது வண்டியோடு வருகிற கம்பெனி டயர்தான் கெட்டி, கடையில் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று ஊரே சொல்லும். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். மொட்டையானதோடு விட்டதா என்றால், அதுவும் இல்லை. மேல் ரப்பர் தேய்ந்துபோனதும் பக்கவாட்டில் இந்த வீக்கம் வந்தது.

ஷோரூமுக்கு நடையாய் நடந்தார். அங்கே தேவதாஸ் என்று ஒரு மேனேஜர். தங்கமான மனுஷன், உட்காரச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுப்பார். டீ குடித்து முடித்ததும் கையை விரிப்பார்.

"வண்டி எங்களுதுங்க. டயர் எங்களுது இல்ல. அதுக்கு டயர் கம்பெனியத்தான் கேக்கணும்."

"வண்டியோடதானே சார் வந்துச்சு? நான் தனியா வாங்கலியே."

"வண்டியோட வந்ததெல்லாம் எங்க பொறுப்புன்னு ஆயிடுமாங்க?"

ரெட்டியார்பாளையத்தில் அந்த டயரை விற்கிற கடைக்குப் போனார். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்காமலேயே சொன்னார்: "எங்ககிட்ட வாங்கினதுன்னா நாங்க பாப்போம். வண்டியோட வந்த டயருக்கு மெட்ராஸ்லேர்ந்து கம்பெனி ஆபீசர் வரணும். அவரு வந்து பாக்குற வரைக்கும் கழட்டிடாதீங்க. வண்டியில இருந்தபடி இருக்கணும்."

"எப்ப வருவாரு?"

"வருவாரு."

வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே அந்த டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பான். கலியமூர்த்தி மில்லுக்காரர். தறியில் நூல் மோசமாக வந்தால் நெசவாளி அதில் கை வைக்கக்கூடாது என்பது மில்லில் பழகிய பழக்கம். மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, இருந்தது இருந்தபடி விட்டுவிட்டு நிற்க வேண்டும். அவனாகக் கை வைத்து முடிச்சுப் போட்டு ஓட்டினால், துணியில் விழுகிற குறை அவன் தலையில் விடியும். கை வைக்காதவன் தப்பினான். இருபது வருஷம் உடம்பில் ஊறிய புத்தி, வேன் வாங்கினதும் போய்விடுமா? ஆபீசர் வரட்டும் என்று காத்திருந்தார்.

ஆனால் பயம் இருந்தது. அந்த வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு நேர் கீழேதான் முன் சக்கரம். அந்த சீட்டுக்குத்தான் பிள்ளைகளுக்குள் தினமும் சண்டை. பெரும்பாலும் ஜெயிப்பது மூன்றாம் வகுப்புப் படிக்கிற அபி. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, எதிரே வருகிற பஸ்ஸின் பேரையெல்லாம் படித்துக்கொண்டே வருவாள். ஒருநாள் காலையில் கலியமூர்த்தி அந்த சீட்டின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார்.

"சீட்டு ஒடைஞ்சிருக்குது. யாரும் ஒக்காரக்கூடாது. எல்லாரும் பின்னாடி போங்க."

அபி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பின்னால் போனாள். ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் நெருங்கின. தான் ஏதோ பெரிய பாதுகாப்பு செய்துவிட்டதாகத்தான் கலியமூர்த்திக்கு அப்போது தோன்றியது. டயர் வெடித்தால் அந்த ஒரு சீட்டோடு போய்விடும் என்று யார் சொன்னார்கள் அவருக்கு? யாரும் சொல்லவில்லை. அவராக நினைத்துக்கொண்டார். சலித்துப்போன மனுஷனுக்கு நினைத்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

வெற்றிச்செல்வனிடமும் சொல்லிப் பார்த்தார். அவன் அதே தெருக்கோடியில் இருக்கிறவன், அதே பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறவன். இருவரும் ஒரே மாதம், ஒரே ஷோரூமில், ஒரே மாதிரி வண்டி எடுத்தவர்கள். ரெண்டு பேராகப் போய்க் கேட்டால் கொஞ்சம் மதிப்பார்கள் என்று கூப்பிட்டார்.

"என் டயரு நல்லாதாண்ணே இருக்குது" என்றான் அவன். "இன்னா, ஒரு பக்கம் லேசாத் தேஞ்சிருக்கும். தேயறதுக்குத்தானே டயரு? நீங்க பள்ளம் மேடு பாக்காம வுட்டிருப்பீங்க."

அதற்குமேல் அவனிடம் பேச கலியமூர்த்திக்குத் தெம்பில்லை. யாரிடம் போனாலும் கடைசியில் குறை அவர் கையில்தான் வந்து நின்றது.

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. ஒருநாள் காலையில் அபியின் வீட்டு வாசலில் அவளோடு அவள் அம்மா கமலாவும் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை அவளுக்கு. புருஷன் இல்லை.

"அண்ணே, மழையில பஸ்ஸு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. டவுன் வரைக்கும் வந்து எறங்கிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே முன்பக்கக் கதவைத் திறந்து, கயிற்றை அவிழ்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அதுல ஒக்காராதம்மா!"

கலியமூர்த்தி கத்தியது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகள் கப்சிப்பென்று ஆகிவிட்டன. கமலா சீட்டை அசைத்துப் பார்த்தாள். சாய்ந்து பார்த்தாள். ஆணி அடித்த மாதிரி நின்றது சீட்டு.

"ஒடைஞ்சிருக்குதுன்னு பாப்பா சொல்லிச்சு. நல்லாத்தானே இருக்குது. இன்னாண்ணே?"

அவரும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. "கீழ டயரு வீங்கியிருக்குதும்மா" என்றார்.

கமலா இறங்கினாள். மழையில் குனிந்து டயரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு வீக்கம் என்றால் என்னவென்று தெரியும். வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தினி நாளா இருக்குது இது?"

அவர் அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்துச் சுற்றினார்.

"அப்ப இதும் மேல புள்ளைங்கள ஒக்கார வைக்கக்கூடாதுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும் வண்டிய எடுத்துக்கினு வந்திருக்கீங்க." அவள் குரலை உயர்த்தவே இல்லை. பின்கதவைத் திறந்து அபியை இறக்கிக்கொண்டு, குடையைச் சாய்த்துப் பிடித்தபடி கடலூர் ரோட்டுப் பக்கம் நடந்துபோனாள். அபி மட்டும் ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

மற்றப் பிள்ளைகளை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவி நிர்மலாதேவியிடம் நடந்ததைச் சொன்னார். டயர் கடைக்காரர் கழற்றாதே என்றதையும், மில்லில் இப்படித்தான் என்பதையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"மில்லுல மேஸ்திரியக் கூப்புட்டுட்டு தறிய நிறுத்திட்டுதானே நிப்பீங்க? ஓடுற தறிய ஓட வுட்டுட்டா நின்னீங்க? வேன எங்கங்க நிறுத்துனீங்க?"

இத்தனை மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவரே கேட்டுக்கொள்ளாத கேள்வி. மில்லில் நின்ற தறிக்கு நெசவாளிக்குப் பாதிக் கூலியாவது உண்டு. நின்ற வேனுக்கு என்ன உண்டு? இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். எழுந்து போய் ஜாக்கியை எடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் கம்பெனி டயர் நாலும் கழன்று வாசலில் கிடந்தன, கடன் சொல்லி வாங்கிய வேறு டயர்கள் வண்டியில் ஏறின.

அந்த வாரமே ஆபீசர் வந்தார். அதுதானே வழக்கம்! இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு சின்ன அளவுகோல். கழற்றிக் கிடந்த டயர்களைக் காலால் ஒரு புரட்டு புரட்டினார். "காத்து கம்மியா வெச்சு ஓட்டியிருக்கீங்க. அலைன்மென்ட் பாக்கல. இது பள்ளத்துல அடிச்ச வீக்கம். தயாரிப்புக் குறை எதுவும் இல்ல சார். கழட்டாம இருந்திருந்தாலாவது ஏதாச்சும் பாத்திருக்கலாம்."

கலியமூர்த்திக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் சத்து வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்: "இதே மாசம் எடுத்த வண்டி இன்னொண்ணு இந்தத் தெருவுலயே இருக்குது. அதையும் ஒருவாட்டி பாத்துட்டுப் போறீங்களா?"

"அவங்க புகார் குடுத்தா வந்து பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

அன்றைக்கே கமலா வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். டயரெல்லாம் மாற்றியாகிவிட்டது, வந்து பார்க்கலாம் என்றார். கமலா முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மாத்திட்டீங்க, சரி. நாளைக்கு வேற ஒண்ணு கெட்டுச்சுன்னா அதுக்கும் ஒரு கயிறு கட்டுவீங்க. எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதாண்ணே. பாப்பாவ வெற்றி வண்டியில சேத்துட்டேன்."

வெற்றி வண்டியில். அந்த வண்டியில் என்ன டயர் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் என்ன நினைப்பாள்? போன கிராக்கியைப் பிடிக்கக் கதை கட்டுகிறான் என்பாள். ஏற்கெனவே பொய் சொன்ன வாய். பேசாமல் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலையில் கடலூர் ரோட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. கலியமூர்த்தியின் வேனுக்கு இடப்பக்கம், ஒரு வண்டி முன்னால், வெற்றிச்செல்வனின் வேன். அதன் முன் சீட்டில், கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அபி.

இறங்கக்கூடாது என்றுதான் நினைத்தார். பிள்ளைகளை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். அபிக்குக் கீழே இருந்த சக்கரத்தின் அருகே குந்தினார். வெளிப்பக்கம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கையை உள்பக்கம் விட்டுத் தடவினார். பட்டன் இல்லை, வழவழப்பு. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார். விரலுக்கு அது தட்டுப்பட்டது. தன்னுடையதைவிடப் பெரியது. நடுவில் ரப்பர் பிளந்து உள்ளே இருக்கும் நூல் விரலில் நெருடியது.

"வெற்றி! புள்ளைங்கள எறக்கு!"

"யோவ், இன்னாய்யா இது?" வெற்றிச்செல்வன் தலையை நீட்டினான். "ஒரு புள்ள போனதுக்கா இந்த ஆட்டம்? எந்திரிங்கண்ணே, அசிங்கமா இருக்குது."

ரயில் போய்விட்டது. கேட் தூக்கினார்கள். முன்னாலிருந்த வண்டிகள் நகர்ந்தன. வெற்றிச்செல்வன் எஞ்சினைப் போட்டான். கலியமூர்த்தி எழுந்திருக்கவில்லை. நகர்ந்து போய்ச் சக்கரத்துக்கு முன்னால் ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. "காலையிலேயே போட்டுட்டாண்டா" என்று ஒருவன் சைக்கிளில் இருந்தபடி சிரித்துக்கொண்டு போனான். யார் என்ன சொன்னாலும் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

வெற்றிச்செல்வன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். அடிக்கிறவன் மாதிரிதான் வந்தான். கலியமூர்த்தி அவன் கையைப் பிடித்து இழுத்து டயரின் உள்பக்கம் வைத்தார். திமிறின கை அப்படியே நின்றது. மெல்ல மேலும் கீழும் போயிற்று. அவன் முகத்தில் இருந்த கோபமெல்லாம் வடிந்துபோயிற்று.

எழுந்து போய்க் கதவைத் திறந்தான். "அபி, எறங்கும்மா. எல்லாரும் எறங்குங்க, மெதுவா" என்றான்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கி, பையை முன்னால் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றன. கலியமூர்த்திக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றாமல் அழுதார். "வா பாப்பா, நான் கொண்டுபோய் வுடறேன். நல்ல டயரு போட்டிருக்கேன்" என்று கையை நீட்டினார்.

அபி அவரைப் பார்த்தாள். பிறகு ரெண்டடி பின்னால் போய், வெற்றிச்செல்வனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.